இடது கையில் நாலு கட்டம்

இல்ல சார், பை மடியிலேயே இருக்கட்டும். மேல வச்சா எனக்கு நிம்மதி கிடையாது. போன வருஷம் அருப்புக்கோட்டை பஸ்ல மேல வச்ச சாக்கு, இறங்கும்போது பாத்தா வேற சாக்கு. உள்ள பூராவும் தேங்கா நார். என்னோட பத்து டஜன் ஹேர் பேண்டை எவனோ வீட்டுல பிரிச்சுப் பாத்து முழிச்சிருப்பான். அன்னையிலருந்து கண்ணுல படாத இடத்துல எதையும் வைக்கிறதில்ல.

நீங்க எங்க போறீங்க? தேவகோட்டையா? நானும் தேவகோட்டைதான். என்ன வேலை? தப்பா நினைக்காதீங்க, பக்கத்துல உக்காந்திருக்கிறது யாருன்னு தெரியாம என்னால ரெண்டரை மணி நேரம் வர முடியாது. வாத்தியாரா? என்ன பாடம்? சயின்ஸா? அப்ப கண்டக்டர் சரியான இடத்துலதான் என்னை உக்கார வச்சிருக்கான். உங்ககிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்கு. இப்பக் கேக்க மாட்டேன். முதல்ல விஷயத்தைச் சொல்றேன். கேள்வியை இறங்குறதுக்குள்ள கேக்குறேன்.

என்ன பாக்குறீங்க? இந்த வெயில்ல எதுக்கு முழுக்கைச் சட்டைன்னா? அதுவும் வரும்.

என் பேரு சவரிமுத்து. மதுரையில ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்கேன். சௌந்தரி ஃபேன்சி ஸ்டோர். எந்தத் தெருன்னு கேக்காதீங்க. உங்களை நம்பாம இல்ல, ஆனா நம்பவும் இல்ல, இப்பத்தானே பாத்திருக்கோம். பொட்டு, வளையல், கிளிப்பு, அதோட க்ரீம், பவுடர், ஃபேஸ் வாஷ், ஹேர் டை. சௌந்தரிங்கிறது என் சம்சாரம். ஞானசௌந்தரி. இப்ப தேவகோட்டையில அவ அண்ணன் வீட்டுல இருக்கா. பத்தொன்பது நாளாச்சு. கூப்பிடத்தான் போறேன். வருவாளா மாட்டாளாங்கிறது இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிரும்.

கோவிச்சிட்டுப் போயிட்டாளான்னு கேக்குறீங்க. கோவிக்கவே இல்ல சார், அதுதான் எனக்குச் சந்தேகமே. கோவிச்சிருந்தா ரெண்டு பாத்திரத்தை எறிஞ்சிருப்பா, நான் நாலு எறிஞ்சிருப்பேன், முடிஞ்சிருக்கும். எந்திரிச்சுப் போயிட்டா. அவ்வளவுதான். இருபத்து மூணு வருஷம் குடும்பம் பண்ணினவ, ஒரு முயல் சொல்லுச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டா.

சிரிக்காதீங்க. முயல்தான். மொதல்லருந்து சொல்றேன்.

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான். மிச்சத்தைப் பெரியார் பஸ் ஸ்டாண்டுலதான் படிச்சேன். கழுத்துல தட்டைத் தொங்கவிட்டு ஊக்கு, ரிப்பன், சாந்துப் பொட்டு. பஸ் நகர ஆரம்பிச்சதுக்கப்புறம் ஜன்னல்ல விலை பேசி, பொருளைக் கொடுத்து, காசை வாங்கிட்டுத் திரும்பணும். அந்த ஓட்டத்துலதான் ஒரு மனுஷன் எந்த விலைக்கு இறங்குவான்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லக் கத்துக்கிட்டேன். அப்ப ஒருத்தன் வந்தான். வெள்ளை வேட்டி, வாயைத் திறந்தா ‘சகோதரா’ன்னுதான் கூப்பிடுவான். முகத்துக்குப் போடுற க்ரீம்னு ஒரு பெட்டி கொடுத்தான். டப்பா மேல ரோசாப்பூ படம், ஒரு டாக்டர் படம். நான் நம்பி வித்தேன்.

மூணாம் நாள் செக்கானூரணியிலருந்து மூணு பொம்பளைங்க என்னைத் தேடி வந்தாங்க. மூணு மூஞ்சியும் வெந்து கிடந்துச்சு. ரெண்டு பேரு கத்துனாங்க, தட்டைத் தட்டி விட்டாங்க. மூணாவது அம்மா கத்தவே இல்ல. மிச்சமிருந்த க்ரீமை வழிச்சு என் மூஞ்சியில அப்புச்சு. ‘இப்ப நீ மூணு நாள் வச்சிருந்து பாருடா’ன்னு சொல்லிட்டுப் போச்சு. நான் குழாயடிக்கு ஓடி அந்த நிமிஷமே கழுவிட்டேன், அது வேற.

ஆனா அன்னைக்கு முடிவு பண்ணேன் சார். டப்பாவுல என்ன போட்டிருந்தாலும் நம்பக் கூடாது. டாக்டர் படம் போட்டா ரெண்டு மடங்கு நம்பக் கூடாது. எந்தச் சரக்கா இருந்தாலும் தோல்ல போட்டு, மூணு நாள் வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கணும். இன்னைக்கு வரைக்கும் அந்த முறையை மாத்தல. என் கடையில வாங்கின க்ரீமால முகம் கெட்டுப் போச்சுன்னு மதுரையில ஒருத்தி சொல்லட்டும், கடையைச் சாத்திட்டு மறுபடி கழுத்துல தட்டை மாட்டிக்கிறேன்.

யார் தோல்னா? சொல்றேன்.

என் தோல் உதவாது சார். பன்னெண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டு வெயில்ல காய்ஞ்சது, எருமைத் தோலு. எதைத் தடவினாலும் ஒண்ணும் காட்டாது. இப்படித்தான் நான் நினைச்சிட்டிருந்தேன். சௌந்தரி அப்படியில்ல. பொண்ணு பாக்கப் போனப்ப மிக்சர் தட்டை முன்னால வச்சா. மணிக்கட்டுக்கு மேல ஒரு கொசுக்கடி. குங்குமம் வச்ச மாதிரி சிவந்து இருந்துச்சு. ‘இது எப்பக் கடிச்சது’ன்னு கேட்டேன். பொண்ணு பாக்க வந்தவன் கேக்குற மொதக் கேள்வியான்னு அவ அண்ணன் சிரிச்சான். ‘முந்தாநாள்’னு சொன்னா. முந்தாநாள் கடிச்ச கொசுவுக்கு இன்னைக்கும் சிவப்பு நிக்குது. எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு. நகையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அந்தக் காலத்துல அப்படி யாரு கட்டுவா? தேவகோட்டையில இன்னைக்கும் அதைப் பெருமையாச் சொல்லுவாங்க.

கல்யாணமாகி ரெண்டாம் மாசம் ஆரம்பிச்சோம். இடது கை. வலது கை சமையலுக்கு வேணும்ல, அதெல்லாம் நான் யோசிக்காம செய்ய மாட்டேன். முழங்கைக்குக் கீழ, உள்பக்கம், நீல பால்பாயின்ட் பேனாவுல நாலு கட்டம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு நம்பர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கம்பெனி. மூணு நாள் தண்ணி படக் கூடாது, சொறியக் கூடாது. குளிக்கும்போது கைக்குப் பாலிதீன் பையைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக்குவா. அந்தப் பையையும் ரப்பர் பேண்டையும் கடையிலருந்து நான்தான் எடுத்துட்டுப் போய்க் கொடுப்பேன், வீட்டுக் காசுல வாங்கச் சொன்னதில்ல. போகப் போக அவளே கட்டம் போட ஆரம்பிச்சிட்டா. ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா இருக்கும்.

ஹேர் டைக்குக் காதுக்குப் பின்னால. அது தனி.

ஒரே ஒரு தடவை தோல் உரிஞ்சிருச்சு. முடி எடுக்குற க்ரீம். அந்தக் கம்பெனிக்காரனை நான் சட்டையைப் பிடிச்சு ரோட்டுல கொண்டாந்து நிறுத்தினேன். ‘என் பொண்டாட்டி கையைப் பாருடா’ன்னு தெருவையே கூட்டிட்டேன். பொண்டாட்டிக்காக எத்தனை பேரு சார் ரோட்டுல நின்னு சண்டை போடுவான்?

இதுல வியாபாரத்துக்கு ஒரு வசதியும் இருந்துச்சு, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. மூணாம் நாள் ஏஜெண்டு விலை பேச வருவான். டீ சொல்லுவேன். அவன் விலையைச் சொல்லுவான். நான் பேசவே மாட்டேன். ‘சௌந்தரி, கையைக் காட்டு’ம்பேன். அவ ரவிக்கைக் கையை மேல சுருட்டுவா. ரெண்டாம் நம்பர் சிவந்து கிடக்கும். ஏஜெண்டு மூஞ்சி செத்துரும். அதுக்கப்புறம் நான் சொல்றதுதான் விலை. சில நேரம் சிவக்காது, சரக்கு நல்ல சரக்கா இருந்துரும். அப்ப நான் லேசா கண்ணைக் காட்டுவேன், அவ உள்ள போயி சொறிஞ்சுக்கிட்டு வருவா. கொஞ்சம்தான், ரத்தம் வர்ற அளவுக்கெல்லாம் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து உழைச்ச கடை சார் அது. பேரும் அவ பேருதானே.

கோயிலுக்கு, கடைக்குன்னு வெளிய வரும்போது முழங்கையைத் தாண்டி ரவிக்கை போட்டுக்குவா. பங்குச் சாமியாரே ஒரு தடவை பிரசங்கத்துல அடக்கமான உடைக்கு அவளைத்தான் உதாரணம் சொன்னார்.

இந்தா, சிவகங்கை வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? வேண்டாமா? நானும் இறங்கல. பை இருக்கு.

முயலுக்கு வர்றேன். ஜூன் மாசம் காலேஜ் திறந்ததும் பிள்ளைங்க வருவாங்க, எப்பவும் வர்றதுதான். இந்த வருஷம் என்னன்னா, ஒவ்வொருத்தியும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாக்குறா. ‘அங்கிள், முயல் மார்க் இருக்கா?’ன்னு கேக்குறா. நான் முயல் கொழுப்புல செஞ்சதைக் கேக்குறாங்கன்னு நினைச்சு, ‘சேச்சே, நம்மகிட்ட அதெல்லாம் சுத்தமாக் கிடையாதும்மா’ன்னு அடிச்சுச் சொன்னேன். மூஞ்சியைச் சுளிச்சிட்டுப் போயிட்டாளுக. இப்படியே ஒரு பத்து பேரு. அப்புறம்தான் விசாரிச்சேன். முயல் மார்க் இருந்தா மிருகத்தை வதைக்காம செஞ்ச சரக்குன்னு அர்த்தமாம்.

அந்த மாதிரி ஒரு கம்பெனிக்குச் சொல்லி விட்டேன். கோயம்புத்தூர்லருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. நித்திலான்னு பேரு. முப்பது வயசிருக்கும், தோள்ல ஒரு துணிப்பை, காலுல ரப்பர் செருப்பு. கம்பெனி ஆளு ஷூ போடாம வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துரும். எளிமையா வர்றவன் விலையை ஏத்தித்தான் சொல்லுவான்.

‘நம்ம நாட்டுல மிருகத்து மேல டெஸ்ட் பண்ணத் தடை வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சுண்ணே’ன்னு ஆரம்பிச்சா.

‘அப்படின்னா எல்லா டப்பாவும் முயல் டப்பாதானே. நீ மட்டும் எதுக்கு ஒட்டிட்டு வர்ற? உப்பு பாக்கெட்டுல, இதுல கல்லு இல்லன்னு எழுதுற மாதிரி இருக்கே’ன்னேன்.

‘வெளிநாட்டுல சில இடத்துல இன்னும் நடக்குதுண்ணே. அங்கருந்து வர்ற மூலப்பொருள் வரைக்கும் நாங்க விசாரிக்கிறோம். சப்ளை பண்றவங்ககிட்ட எழுதி வாங்குறோம்.’

‘எழுதிக் கொடுக்கிறவன் பொய் எழுத மாட்டானா?’

‘வருஷா வருஷம் வெளி ஆளுங்க வந்து சோதிப்பாங்க.’

‘அந்த வெளி ஆளுக்கு யாரும்மா சாப்பாடு போடுறது?’

சிரிச்சா. கோபப்படல. கோபப்படாதவங்களையும் நான் நம்புறதில்ல. ‘இந்த முயல் ஸ்டிக்கரைச் சிவகாசியில அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்’னு கேட்டேன். அதுக்குத்தான் அவ ஃபோனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டா.

சார், நான் முயல்கறி சாப்பிட்டிருக்கேன். அது வேற. ஆனா அதைப் பாத்து எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வரிசையாப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு முயல், தலையை மட்டும் வெளிய விட்டுப் பூட்டி வச்சிருக்கான். கண்ணுல சொட்டுச் சொட்டா என்னத்தையோ விடுறான். அதால கண்ணைத் துடைச்சுக்கக்கூட முடியாது. இன்னொன்னு, முதுகுல முடியைச் சிரைச்சு, மார்க்கர் பேனாவால கட்டம் போட்டு, கட்டத்துக்குள்ள நம்பர் எழுதியிருக்கான். ஒரு கட்டம் சிவந்து கிடக்கு, ஒண்ணு புண்ணா இருக்கு. கத்தாதாம் சார் அது. முயலுக்குச் சத்தமே வராதாம், ரொம்ப வலிச்சாத்தான் கத்துமாம். எந்தப் பாவி சார் இதைச் செய்வான்? வாயில்லா ஜீவன். நம்மை நம்பி இருக்கிறது.

எனக்குப் பின்னால சௌந்தரி நின்னு பாத்துக்கிட்டிருந்தா. நான் கவனிக்கல. ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ன்னு வாய்விட்டு எண்ணினா. அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட, ‘அந்த முயலையெல்லாம் வெளிய விட்டாங்களாம்மா’ன்னு கேட்டா.

‘சிலதைக் காப்பாத்தியிருக்காங்கக்கா’ன்னா அது.

‘அதுக்கு முடி முளைச்சிருச்சா?’

என்ன கேள்வி சார் இது? நித்திலா இவ மூஞ்சியையே பாத்துட்டு, ‘முளைச்சிருக்கும்க்கா’ன்னா. எனக்கு அப்பவே பொறி தட்டிச்சு. ஒரு ஏஜெண்டும் என் வீட்டுப் பொம்பளையும் விலையைப் பத்திப் பேசாம வேற ஒண்ணைப் பத்திப் பேசினா, விலையைப் பத்தித்தான் பேசியிருக்காங்கன்னு அர்த்தம்.

ஆனா நான் மனசு மாறினது உண்மை. மறுநாளே முயல் இல்லாத க்ரீம் டப்பா பூராவையும் மூட்டை கட்டிக் கம்பெனிக்காரனுங்களை வரச்சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். சண்டை போட்டானுங்க. நான் அதைவிடப் பெருசா போட்டேன். கடை வாசல்ல போர்டு வச்சேன். ‘வாயில்லா ஜீவனை வதைத்துச் செய்த பொருள் இங்கே விற்கப்படாது.’ வாசகம் நானே யோசிச்சது. காலேஜ் பிள்ளைங்க அந்தப் போர்டு முன்னால நின்னு ஃபோட்டோ எடுத்துட்டுப் போச்சு.

அடுத்த வாரம் நித்திலா ஆறு டப்பாவோட வந்தா. நான் முன்னாடியே கேட்டு வச்சிருந்தேன், ‘முயல் மேல போட்டுப் பாக்கலேன்னா வேற எது மேலம்மா போட்டுப் பாக்குறீங்க’ன்னு. விளக்கமாச் சொன்னா. சோதனைச்சாலையில தோல் செல்லை வளர்த்துப் பாப்பாங்களாம். கடைசியில சம்மதிச்ச ஆளுங்க கையில, டாக்டரை வச்சுக்கிட்டு, கொஞ்சூண்டு. கையெழுத்து வாங்கிட்டுத்தான் செய்வாங்களாம். வேண்டாம்னு தோணுச்சுன்னா எந்த நிமிஷமும் கழுவிட்டு எந்திரிச்சுப் போகலாமாம்.

‘எந்திரிச்சுப் போகலாமா?’ன்னு சௌந்தரி கேட்டா.

‘கண்டிப்பாக்கா. ஏன்னு யாரும் கேக்கக்கூட மாட்டாங்க.’

எனக்கு ஒரே சந்தோஷம். ‘அட, கடைசியில மனுஷன் கைதானா. இதைத்தானே நாங்க இருபத்து மூணு வருஷமா செய்யிறோம். நீங்க இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா’ன்னேன். ‘நானும் முயல் மார்க்குதாம்மா. ஒரு முயலைத் தொட்டதில்ல’ன்னேன். அப்புறம் என் முறைப்படி சொன்னேன். முயல் பாக்காத சரக்கு, அதனால வழக்கத்தைவிடக் கூடுதலாப் பாக்கணும். நாலு கட்டம் பத்தாது, ஆறு போடணும். ‘சௌந்தரி, கையைக் காட்டு.’

அவ வந்தா. ரவிக்கைக் கையைச் சுருட்டினா. ஆனா என்கிட்ட நீட்டல. அந்தப் பொண்ணுகிட்ட நீட்டினா.

நித்திலா கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம் ஆறு டப்பாவையும் எடுத்துத் துணிப்பைக்குள்ள போட்டா. ‘மன்னிச்சிருங்கண்ணே. உங்க கடைக்கு எங்க சரக்கைக் கொடுக்க முடியாது’ன்னா.

‘ஏன்?’

‘எங்க மார்க்குக்கு இது ஒத்து வராதுண்ணே.’

‘முயலுக்குத்தானேம்மா உங்க மார்க்கு. இவ என்ன முயலா?’

அவ பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எந்திரிச்சா. எனக்குத் தெரியாதா சார், இதெல்லாம் விலை ஏத்துற வித்தை. எத்தனை பேரு என்கிட்ட எந்திரிச்சுப் போற மாதிரி போயி வாசல்ல நின்னு திரும்பிப் பாத்திருக்கான். அவ சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன்னேன். அப்பவும் நடந்தா. அதைவிடக் கூடுதலாத் தர்றேன்னு பின்னாலயே போயிச் சொன்னேன். கேட்டுக்கிட்டீங்களா, சவரிமுத்து கூடுதலாத் தர்றேன்னு சொன்னது அதுதான் மொதத் தடவை. திரும்பிப் பாக்கல சார். கூடுதல் விலையை வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, அதுக்குப் பின்னால ஏதோ பெருசா இருக்குன்னுதானே அர்த்தம்?

கடையில அலமாரி காலியா நிக்குது. வாசல்ல போர்டு வேற. என்ன செய்யிறது, இன்னொருத்தனைப் பிடிச்சேன். அவன் டப்பாவுலயும் முயல் இருந்துச்சு. ரப்பர் ஸ்டாம்புல குத்தின முயல், ஒரு டப்பாவுல காது இருக்கு, ஒரு டப்பாவுல இல்ல. விலை குறைச்சல். குறைச்சல்னா அப்படிக் குறைச்சல். அதனாலதான் நல்லாப் பாத்துடணும்னு, ஆறு டப்பாவையும் வீட்டுக்குக் கொண்டு போனேன். பேனாவை எடுத்துச் சௌந்தரிகிட்டக் கொடுத்தேன். அவ பேனாவை வாங்கினா. மூடியைப் போட்டா. மேசையில வச்சா.

‘முயலுக்குச் சட்டம் இருக்காம்’னா.

‘அதுக்கு?’

‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. உள்ள போறான்னு நினைச்சேன். தேவகோட்டைக்குப் போயிட்டா.

பத்து நாள் நான் கூப்பிடவே இல்ல. அந்த நித்திலாவும் இவளும் என்ன பேசி வச்சிருக்காங்க, பின்னால யாரு இருக்காங்கன்னு விசாரிச்சேன். ஓசூர்ல வேலை பாக்குற என் பையனுக்கு ஃபோன் போட்டேன். ‘அம்மா கையை என்னைக்காவது சும்மா பிடிச்சிருக்கியாப்பா’ன்னு கேக்குறான். அவனையும் வளைச்சிட்டாங்க சார். அதுக்கப்புறம்தான் தேவகோட்டைக்குப் பேசினேன். மச்சான் எடுத்தார். ‘மாப்ள, அவகிட்டக் கொடுக்கிறேன், கத்தாதீங்க’ன்னார். நான் கத்தினேன். அவ முழுசாக் கேட்டா.

‘கத்தி முடிச்சிட்டீங்களா?’ன்னா. ‘அந்த ஆறு டப்பா அங்கதானே இருக்கு. உங்க இடது கையில ஆறு கட்டம் போடுங்க. ஆறையும் தடவுங்க. மூணு நாள் தண்ணி படக் கூடாது, சொறியக் கூடாது. நாலாம் நாள் வந்து எனக்குக் கையைக் காட்டுங்க. காட்டினீங்கன்னா அதே பஸ்ல கூட வந்துர்றேன்.’

இவ்வளவுதானான்னு இருந்துச்சு எனக்கு. எருமைத் தோலுக்கு இது ஒரு பந்தயமா? இதுல என்ன சூழ்ச்சி இருக்குன்னு அஞ்சாறு நாள் யோசிச்சேன். ஒண்ணும் பிடிபடல. சரின்னு, திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்குப் போட்டேன்.

அது காளையார்கோவில் கோபுரம். வந்துட்டோம் சார். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

பத்து மணிக்கு லேசா சூடு. பதினொண்ணுக்கு அரிப்பு. அரிப்புன்னா சொறிஞ்சா தீர்ற அரிப்பு இல்ல, தோலுக்கு அடியில எறும்பு வரிசை போற மாதிரி. வந்த ஆளுக்கு வளையல் எடுத்துக் காட்ட முடியல. ரெண்டு பேரை விரட்டி விட்டுட்டேன். சாப்பிட உக்காந்தா சோறு இறங்கல, புத்தி பூரா அந்த ஆறு கட்டத்துலதான். சாயங்காலம் நாலு மணிக்கு மூணாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும் கொதிக்குது. பைப்படிக்குப் போனேன். சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்.

எட்டு மணி நேரம் சார். நான் சாதாரண ஆள் இல்ல. பஸ் ஸ்டாண்டுல போலீஸ் அடிச்ச அடியை வாங்கிட்டு அரைமணி நேரத்துல ரிப்பன் வித்தவன். அப்படிப்பட்டவனுக்கு எட்டு மணி நேரம் தாங்கலேன்னா என்ன அர்த்தம்? டப்பாவை மாத்தி வச்சிட்டுப் போயிருக்கா. வேற என்னவா இருக்கும்? இல்ல, வயசானா தோல் மெலிஞ்சிருமோ? நீங்க சயின்ஸ் வாத்தியார், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சரி, விடுங்க. அந்தச் சரக்கை அவனுக்கே திருப்பி விட்டெறிஞ்சிட்டேன், அது வேற.

இப்பத்தான் என் கேள்வி. கையைப் பாருங்க. முழுக்கைச் சட்டை இதுக்குத்தான். கோடெல்லாம் இன்னைக்குக் காலையில புதுசாப் போட்டது, பழைய கோடு சோப்புல கொஞ்சம் மங்கிருச்சு. கட்டம் சரியா இருக்கு. ஆனா உள்ள இருக்கணும்ல, அது இல்ல. மூணு நாள் வச்ச கை எப்படி இருக்கும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? ரெண்டாம் நாள் ஓரம் தடிக்கும். மூணாம் நாள் நடுவுல தவிடு மாதிரி உதிரும். வெறும் சிவப்புக்கு இங்கேயே சொறிஞ்சுக்குவேன், பாதி சொறிஞ்சாச்சு. அந்தத் தவிடுதான் வரல. ஏஜெண்டை ஏமாத்தலாம், இவளை ஏமாத்த முடியாது. சுண்ணாம்பு தடவினா அந்த மாதிரி வருமா? சாக்பீஸ் தூள் வச்சிருக்கீங்களா? உங்க லேப்ல எதாவது இருக்குமே சார், கால் மணி நேரத்துல மூணு நாள் ஆன மாதிரி காட்டுறதுக்கு?

ஏன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? நான் உங்க கையையா கேட்டேன்?

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. இருங்க, இறங்கிறாதீங்க. அந்தா பாருங்க, பழக்கடைக்கு இந்தப் பக்கம். சௌந்தரிதான். நான் வர்றேன்னு மச்சான்கிட்டத்தான் சொன்னேன், அவ இங்க வந்து நிப்பான்னு சொல்லவே இல்ல. பாத்தீங்களா, எல்லாரும் சேர்ந்து செய்யிறாங்க.

அரைக்கை ரவிக்கை போட்டிருக்கா சார். வெளிய தெருவுல அவளை அப்படி நான் பாத்ததே இல்ல. கண்ணுக்கு மேல கையை வச்சு ஒவ்வொரு பஸ்ஸா பாக்குறா. இடது கை. பத்தொன்பது நாள் வெயில்ல நடந்திருப்பா போல, கை கறுத்திருக்கு. அந்த நாலு இடம் மட்டும் கறுக்கல சார். வெள்ளையா, சதுரமா, வரிசையா. இங்கருந்தே தெரியுதே. உங்களுக்குத் தெரியுதா? நான் எப்பவும் மடியில வச்சு, கிட்டத்துலதான் பாத்திருக்கேன். சிவந்திருக்கா, இல்லையா, அதைத்தான் பாப்பேன். தூரத்துலருந்து பாத்ததில்ல.

வேணும்னுதான் வெளிச்சத்துல நிக்கிறா. எனக்குத் தெரியும்.

சார், உங்க தண்ணி பாட்டிலைக் கொடுங்க. கொஞ்சம் சீக்கிரம். இல்ல, குடிக்க இல்ல. இந்தக் கோட்டை அழிக்கணும். இதோட போயி அவ முன்னால நிக்க முடியாது. பையைப் பிடிங்க. பரவாயில்ல, பிடிங்க, மடியிலயே வச்சுக்கோங்க.

போக மாட்டேங்குது சார். தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் எரியுது, மை அப்படியே இருக்கு. எச்சில் வச்சும் பாத்துட்டேன்.

கண்டக்டர் கத்துறான். சரி, இறங்குறேன், பையைக் கொடுங்க. இந்த மை போக எத்தனை நாள் ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. அவகிட்டத்தான் கேக்கணும்.